சிஸ்டரின் சம்பளம்

நம் குடும்பங்களில் ஒருவர் பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்துக் குணமாகி வீடு திரும்பினால், ரண சிகிச்சை செய்த டாக்டரின் பெயர் அந்த வீட்டில் இரண்டு தலைமுறைக்கு நிலைத்து நிற்கும். அவருடைய கைராசியைப் பற்றிக் கல்யாண வீடுகளில் பேச்சு நடக்கும். ஆனால் அந்தப் பத்து நாளும் நள்ளிரவில் வந்து நாடி பார்த்தவள், வாந்தி எடுத்தபோது முதுகைத் தாங்கிக்கொண்டவள், மருந்துக் குழாய் நழுவியபோது ஓடி வந்து சரி செய்தவள் யார், அவள் பெயர் என்ன என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. "சிஸ்டர்!" என்று கூப்பிட்டார்கள்; "இதோ வருகிறேன்" என்றாள். அத்துடன் சரி.

தமிழில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று வழங்குகிறது. செவிலியர் என்கிறோம். சங்க காலத்து அகப் பாட்டுக்களில் நற்றாய் பெற்றவள் என்றால் செவிலித்தாய் வளர்த்தவள். தலைவியின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்பது பெற்ற தாயைவிட அவளுக்குத்தான் முன்னால் தெரியும். அவ்வளவு உயர்ந்த ஸ்தானம் அளித்த புலவர்கள், செவிலிக்கு மாதம் என்ன கொடுத்தார்கள் என்பதை மட்டும் பாடி வைக்கவில்லை. புலவர்களுடைய அந்த ஒரு வழக்கத்தைத்தான் நம்மவர்கள் மிகவும் பக்தி சிரத்தையுடன் இன்றுவரை பின்பற்றி வருகிறார்கள்.

ஆண்டுதோறும் மே மாதம் 12-ந் தேதி நர்ஸுகளின் தினம் கொண்டாடப்படுகிறது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1820-ம் வருஷம் பிறந்த தினம் அது. மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், "தேவதைகள்", "தியாக விளக்குகள்" என்று பிரசங்கம் செய்வார்கள். கிரிமியா யுத்தத்தின்போது, 1854-ல், ஸ்குட்டாரி ஆஸ்பத்திரியில் கையில் விளக்குடன் இரவெல்லாம் நடந்த அந்த அம்மையாரின் உருவம் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அவர் மறு கையில் ஒரு கணக்குப் புத்தகமும் இருந்தது என்பதை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. எத்தனை பேர் காயத்தால் இறந்தார்கள், எத்தனை பேர் அசுத்தத்தால் வந்த காய்ச்சலால் இறந்தார்கள் என்று எண்ணி, படம் போட்டு, பிரிட்டிஷ் ஸர்க்காரின் வாயை அடைத்தவர் அவர். கிரிமியாவுக்குப் போவதற்கு ஒரு வருஷம் முன்பே, லண்டன் ஹார்லி வீதியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியை நிர்வகிக்க ஏற்றுக்கொண்டபோது, அவர் கேட்டவை எவை? ஒவ்வொரு மாடிக்கும் வெந்நீர்க் குழாய், சாப்பாட்டை மேலே ஏற்ற ஒரு கப்பி இயந்திரம், நோயாளி கூப்பிட மணி. நர்ஸ் மாடிப்படி ஏறி இறங்கியே களைத்துவிட்டால் நோயாளியைக் கவனிப்பது எப்படி என்பதே அவர் கேள்வி. விளக்கைப் பிடித்துக்கொண்டவர்கள் வெந்நீர்க் குழாயை விட்டுவிட்டார்கள்.

நம் தேசத்தில் இந்தத் தொழில் வேரூன்றிய கதை சென்னையிலேயே தொடங்குகிறது. 1871-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்குப் பயிற்சி ஆரம்பமாயிற்று. முதலில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்திய ஸ்திரீகள். பிறகு இந்தியக் கிறிஸ்தவப் பெண்கள். மற்றக் குடும்பங்கள் ஒதுங்கியே நின்றன. அந்நிய புருஷனைத் தொடுவதாவது, யார் யாருடைய எச்சிலையும் இரத்தத்தையும் துடைப்பதாவது என்ற அருவருப்பு ஒரு பக்கம். இரவில் வீட்டுக்கு வெளியே இருப்பவளுக்கு வரன் கிடைக்குமா என்ற பயம் மறு பக்கம். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-ல் நர்ஸுப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1946-ல் அங்கேயே பட்டப் படிப்பும் வந்தது. அதே 1946-ல் ஸர் ஜோஸப் போர் தலைமையில் அமைந்த சுகாதாரக் கமிட்டி தன் அறிக்கையை வெளியிட்டது. பிரிக்கப்படாத அந்தப் பெரிய தேசத்துக்கு அப்போது இருந்த நர்ஸுகள் சுமார் 7,000 பேர். அதாவது 43,000 ஜனங்களுக்கு ஒருத்தி. 500 பேருக்கு ஒருத்தி வேண்டும் என்பது கமிட்டி காட்டிய லட்சியம்.

அந்த லட்சியத்தை ஏட்டளவில் எட்டிவிட்டோம் என்றே சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் பார்லிமெண்டில் மத்திய ஸர்க்கார் கொடுத்த கணக்குப்படி, பதிவு செய்துகொண்ட நர்ஸுகள் 33 லட்சத்துக்கு மேல். ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய இருவர். ஆனால் பதிவுப் புத்தகம் வேறு, வார்டு வேறு. அந்தப் புத்தகத்தில் பெயர் உள்ளவர்களில் குவைத்தில் இருப்பவரும் உண்டு, லண்டனில் இருப்பவரும் உண்டு, கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டவரும் உண்டு, சம்பளம் கட்டுப்படியாகாமல் வேறு உத்தியோகத்துக்குப் போனவரும் உண்டு.

வார்டில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதற்கும் விதி இல்லாமல் இல்லை. வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த ஆஸ்பத்திரியானால் மூன்று கட்டிலுக்கு ஒரு நர்ஸ், மற்றவற்றில் ஐந்து கட்டிலுக்கு ஒருத்தி, லீவுக்காக நூற்றுக்கு 30 பேர் உபரி என்பது இந்திய நர்ஸிங் கவுன்ஸில் வகுத்த அளவு. கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று கட்டிலுக்கு ஒருத்தி என்பது காலை, மாலை, இரவு ஆகிய மூன்று முறைகளையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. பங்கிட்டுப் பார்த்தால், விதி முழுவதும் நிறைவேறும் இடத்திலேயே ஒரு சமயத்தில் ஒருத்தி கையில் ஒன்பது நோயாளிகள் இருப்பார்கள். விதி நிறைவேறாத இடத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நேயர்கள் ஒரு நாற்பது கட்டில் வார்டை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். இரவு முறை; ஒரே நர்ஸ். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவருக்கும் காய்ச்சல், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் பார்த்து எழுத வேண்டும். ஒருவருக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தால் நாற்பது பேருக்கு 200 நிமிஷம். நான்கு மணி நேரம் என்பது 240 நிமிஷம். மீதி 40 நிமிஷத்துக்குள்தான் ஊசி போடுவது, சொட்டு மருந்துப் பாட்டிலை மாற்றுவது, ரண சிகிச்சையானவருடைய கட்டைப் பார்ப்பது, புதிதாக வந்து சேருகிறவருக்குப் படுக்கை கொடுப்பது, எழுந்து நடந்து விழப்போகிற கிழவரைப் பிடித்துப் படுக்க வைப்பது எல்லாம் நடந்தாக வேண்டும். பிறகு மறுபடியும் முதல் கட்டில். விடியற்காலையில் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்க வேண்டும். அபாய மருந்துகளை எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டும். படுக்கை விரிப்பு எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். இதில் ஓர் உயிர் திடீரென்று ஊசலாடத் தொடங்கினால், மற்ற முப்பத்தொன்பது பேரும் தெய்வத்தின் பொறுப்பு. இந்தக் கணக்கில் அவள் தண்ணீர் குடிக்க நான் நேரம் ஒதுக்கவில்லை என்பதையும் கவனிக்கவும்.

நர்ஸ் அலட்சியமாக இருந்தாள், கூப்பிட்டால் வரவில்லை, முகம் கொடுத்துப் பேசவில்லை என்று குறை கூறுகிறோம். அப்படிப்பட்டவர்களும் இருக்கலாம், எந்த உத்தியோகத்தில்தான் இல்லை? ஆனால் பல இடங்களில் நாம் குணத்தைக் குறை சொல்லும்போது குற்றம் உண்மையில் எண்ணிக்கையில் இருக்கிறது. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்தில் 168 ஆஸ்பத்திரிகளை லிண்டா எய்க்கன் என்ற அம்மையாரும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். ரண சிகிச்சை நோயாளிகளைப் பொறுத்தவரையில், ஒரு நர்ஸிடம் கூடுதலாக ஒரு நோயாளியை ஒப்படைத்தால், சேர்ந்த 30 நாளுக்குள் சாவு நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 7 வீதம் ஏறுகிறது என்று கண்டார்கள். கலிபோர்னியாவில் சட்டமே வந்துவிட்டது. 1999-ல் கையெழுத்தாகி 2004-ல் அமலுக்கு வந்தது. 2005 முதல் சாதாரண வார்டில் ஒருத்திக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் கூடாது. ஆகவே இது நர்ஸுகளின் சௌகரியத்தை மட்டும் பொறுத்த விவகாரமல்ல. கட்டிலில் படுத்திருக்கும் நம் தகப்பனாரின் உயிரைப் பொறுத்த விவகாரமுமாகும்.

வேலை நேரத்தைப் பற்றிச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1977-ல் ஜினீவாவில் ஓர் உடன்படிக்கையும் ஒரு சிபார்சும் இயற்றியது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், கூடுதல் வேலையையும் சேர்த்துப் பன்னிரண்டு மணிக்கு மேற்படாமல்; ஒரு முறை முடிந்து அடுத்த முறை தொடங்கு முன் குறைந்தது பன்னிரண்டு மணி நேர ஓய்வு; வாரத்தில் தொடர்ச்சியாக 36 மணி நேரமாவது விடுமுறை; வருஷத்தில் நான்கு வாரம் சம்பளத்துடன் லீவு. இதில் ஆகாயத்தைக் கிள்ளிக் கேட்டது ஒன்றுமில்லை. ஆனால் அந்த உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை. இங்கே பல ஆஸ்பத்திரிகளில் பகலுக்கு இரண்டு முறை, இரவுக்கு ஒரே முறை; அந்த இரவு முறை பதினோரு, பன்னிரண்டு மணி நேரம் நீளும். மாற்று நர்ஸ் வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டாலன்றி வீட்டுக்குக் கிளம்பவும் முடியாது. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், மில்களில் ஸ்திரீகள் இரவு ஏழு மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என்று தடை விதித்திருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தத் தடை இயலாத காரியந்தான். நோய்க்கு ராத்திரி கிடையாது. ஆனால் தடை இல்லாத இடத்தில் பாதுகாப்பாவது இரட்டிப்பாக இருக்க வேண்டாமா? இரவு மாறி மாறி விழிப்பது புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2007-ல் வகைப்படுத்தி, 2019-ல் மறுபடியும் உறுதி செய்திருக்கிறது. டென்மார்க்கில், பல வருஷம் இரவு வேலை செய்து மார்புப் புற்றுநோய் கண்ட ஸ்திரீகள் சிலருக்கு நஷ்ட ஈடும் கொடுத்திருக்கிறார்கள்.

பாதுகாப்பு என்றதும் பம்பாய் கே. இ. எம். ஆஸ்பத்திரி நினைவுக்கு வருகிறது. 1973-ம் வருஷம் நவம்பர் 27-ந் தேதி, வேலை முடிந்து அடித்தளத்து அறையில் உடை மாற்றிக்கொண்டிருந்த அருணா ஷான்பாக் என்ற நர்ஸை அங்கே வேலை பார்த்த ஒருவனே தாக்கி, கழுத்தை நாய்ச் சங்கிலியால் நெரித்தான். அவர் மறுபடி எழுந்திருக்கவே இல்லை. 2015-ம் வருஷம் மே 18-ந் தேதி இறக்கும் வரை, 42 வருஷம், அதே ஆஸ்பத்திரியின் நர்ஸுகள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள். முதலில் பார்த்தவர்கள் வயதாகி ஓய்வு பெற்றார்கள். சம்பவம் நடந்தபோது பிறந்திராத பெண்கள் வந்து அவருக்கு ஊட்டினார்கள். கருணைக் கொலை பற்றிய வழக்கு 2011-ல் ஸுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தபோது, அவரை வாழ விட வேண்டும் என்று நின்றவர்களும் அவர்களே. இந்தப் பரிவைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள், தகும். ஆனால் இரவும் பகலும் வேலை செய்யும் பெண்களுக்கு உடை மாற்றிக்கொள்ளத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும், வாசலில் ஒரு காவலும் வேண்டும் என்ற சிறு விஷயம் அந்தப் புகழ்ச்சியில் மறைந்துவிடலாகாது. 1973-ல் பம்பாய் நர்ஸுகள் வேலை நிறுத்தம் செய்து கேட்டவற்றில் வேலை நிலைமைகளும் இருந்தன.

சம்பளத்துக்கு வருவோம். தனியார் ஆஸ்பத்திரி பில்லில் அறை வாடகைக்குக் கீழே "நர்ஸிங்" என்று தினத்துக்கு ஒரு தொகை இருக்கும். அதைக் கொடுக்கிற நாம், அது அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேருகிறதென்றே எண்ணிக்கொள்கிறோம். கேரளத்தில் 2011, 2012 வருஷங்களில் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகள் தெருவுக்கு வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. கடன் வாங்கி நான்கு வருஷம் பட்டப் படிப்புப் படித்த பெண்களுக்கு மாதம் சில ஆயிரம் ரூபாய். வங்கிக் கடனின் தவணைக்கே அது காணாது. வேலையை விடலாமென்றால் அசல் ஸர்ட்டிபிகேட்டுகள் நிர்வாகத்தின் பெட்டியில்! "பாண்டு" என்று ஓர் ஒப்பந்தம். இத்தனை வருஷம் இருந்தே தீர வேண்டும், இல்லையேல் இத்தனை ஆயிரம் கட்ட வேண்டும் என்று. பழைய காலத்தில் தோட்டங்களுக்குக் கூலி பிடித்த முறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றால், இவள் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டாள் என்பது ஒன்றுதான்.

அந்தக் கிளர்ச்சி வீண் போகவில்லை. 2017-ம் வருஷம் ஜூலையில் கேரள முதல் மந்திரி முன்னிலையில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 50 கட்டில் வரையுள்ள ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய் ஆரம்பச் சம்பளம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. 2018 ஏப்ரலில் அது ஸர்க்கார் அறிவிப்பாக வந்தது. அதற்கு முன்பே, 2016 பிப்ரவரியில், ஸுப்ரீம் கோர்ட்டின் உத்தரவின்பேரில் மத்திய ஸர்க்கார் ஒரு கமிட்டி அமைத்திருந்தது. 200 கட்டிலுக்கு மேற்பட்ட தனியார் ஆஸ்பத்திரியில் மாகாண ஸர்க்கார் நர்ஸுக்குச் சமமான சம்பளம். 100-க்கு மேல் 200 வரை உள்ளவற்றில் அதைவிட நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை இருபத்தைந்துக்கு மேல் குறையக் கூடாது. அதற்கும் சிறியதானால் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும். லீவு, வேலை நேரம், தங்குமிடம் ஆகியவையும் ஸர்க்கார் நர்ஸுக்கு ஒப்பாக இருக்க வேண்டும். இவை கமிட்டியின் சிபார்சுகள். சுகாதாரம் மாகாண விஷயமாதலால், மத்திய ஸர்க்கார் அறிக்கையை மாகாணங்களுக்கு அனுப்பிவைத்தது. சிபார்சு என்பது சட்டமல்ல. ஆகவே அதைப் பின்பற்றுவதும் பின்பற்றாததும் அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்ததாயிற்று.

ஸர்க்கார் நர்ஸுக்குச் சமமான சம்பளம் என்றார்கள் அல்லவா? ஸர்க்காரிலும் இருவகை நர்ஸுகள் உண்டு. தமிழ்நாட்டில் 2015-ல் தேர்வு எழுதித் தேறி, தொகுப்பூதியம் என்ற பெயரில் ஆயிரக் கணக்கானவர்கள் நியமிக்கப்பட்டார்கள். மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரமாகும் என்று நம்பி வந்தவர்கள். ஒரே வார்டு, ஒரே உடை, ஒரே ஊசி. பக்கத்தில் நிற்கும் நிரந்தர நர்ஸுக்கு அதைப் போலப் பன்மடங்கு சம்பளம். 2017 நவம்பர் கடைசியில் அவர்கள் தேனாம்பேட்டையில் வைத்திய இலாகா வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையுடன் வந்தவர்களும் இருந்தார்கள். நோயாளிகளைக் கைவிட்டுவிட்டு இப்படிச் செய்யலாமா என்று எல்லாத் திசைகளிலிருந்தும் கண்டனம் எழுந்தது. ஹைகோர்ட் தலையிட்டபின் வேலைக்குத் திரும்பினார்கள்.

நோயாளி படுக்கையில் இருக்கும்போது வேலை நிறுத்தம் செய்வது சிறிய விஷயமல்லதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால், இரண்டு வருஷம் மனுக் கொடுத்தபோது காது கொடுக்காதவர்கள் மூன்றாம் வருஷம் தர்மத்தைப் போதிப்பது அவ்வளவு பொருத்தமாக இல்லை. ஆஸ்பத்திரி ஒரு தொழிலா, வெறும் கைங்கரியமா என்ற கேள்வி கோர்ட்டுகளிலேயே பல வருஷம் புரண்டிருக்கிறது. தொழில் அல்ல என்று 1970-ல் ஒரு தீர்ப்பு; தொழிலே என்று 1978-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் முதலானோர் அளித்த தீர்ப்பு. 1982-ல் பார்லிமெண்ட் ஆஸ்பத்திரிகளை விலக்கித் திருத்தச் சட்டம் செய்தது. அந்தப் பகுதி அமலுக்கு வரவே இல்லை. இதற்கிடையில் ஆஸ்பத்திரிகளே பங்கு மார்க்கெட்டில் விலை பேசப்படும் காலம் வந்துவிட்டது. முதலாளிக்கு அது வியாபாரம், நர்ஸுக்கு மட்டும் அது சேவை என்பது நல்ல வேடிக்கை.

2018 மே மாதம் கேரளத்தில் பேராம்பிராவில் நிப்பா ஜுரம் கண்டவரைப் பராமரித்து, தாமும் அதே ஜுரத்தால் இறந்த நர்ஸ் லினி, நிரந்தர உத்தியோகஸ்தர் அல்ல, தற்காலிக ஊழியர். 2020 மார்ச் 22-ந் தேதி மாலை ஐந்து மணிக்குத் தேசம் முழுவதும் தட்டைத் தட்டி வைத்திய ஊழியர்களுக்கு நன்றி சொன்னோம். அந்தத் தொற்றில் 2021 மே வரை உலகெங்கும் இறந்த சுகாதார ஊழியர் சுமார் 1,15,500 பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டில் அவசரமாக எடுத்துக்கொள்ளப்பட்ட நர்ஸுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் வேலை 2022 டிசம்பர் 31-ந் தேதியுடன் முடிந்தது. தட்டின் சத்தம் அடங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

இங்கே கட்டுப்படியாகாதவர்கள் கப்பலேறுகிறார்கள், இப்போது விமானம். அங்கேயும் தரகன் காத்திருக்கிறான். குவைத்துக்கு நர்ஸுகளை அனுப்பிய ஓர் ஏஜென்ஸி, ஸர்க்கார் அனுமதித்த கட்டணம் 19,500 ரூபாயாக இருக்க, ஆளுக்கு 19,50,000 ரூபாய் வரை வாங்கியதாக 2015-ல் வழக்குத் தொடரப்பட்டது. அந்த வருஷமே, பதினெட்டு தேசங்களுக்குப் போகும் நர்ஸுகளை ஸர்க்கார் சார்ந்த ஸ்தாபனங்கள் மூலமே அனுப்ப வேண்டும் என்று விதி செய்தார்கள். 2014-ல் இராக்கில் திக்ரீத் நகரம் போர்க்களமானபோது அங்கே ஆஸ்பத்திரியில் சிக்கிய இந்திய நர்ஸுகள் 46 பேர். பெரும்பாலோர் கேரளத்தவர், தூத்துக்குடிப் பெண் ஒருத்தியும் இருந்தாள். ஜூலை மாதம் பத்திரமாகக் கொச்சி வந்து இறங்கினார்கள். ஊர் கொண்டாடியது. ஆனால் குண்டு விழத் தொடங்கிய நாட்களில் அவர்களில் சிலர் உடனே புறப்படத் தயங்கினார்கள். ஊரில் வாங்கிய கடன் அப்படியே இருந்தது; அங்கே சில மாதச் சம்பளம் பாக்கியிருந்தது.

வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, அறையில் குளிர்சாதனம் உண்டா, டெலிவிஷன் உண்டா என்று விசாரிக்கிறோம். "இந்த வார்டில் ராத்திரி எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ்?" என்று விசாரிக்கிறவர் அரிது. குமாஸ்தாவிடம் கேட்டால் அவர் விழிப்பார். தலைமை நர்ஸிடம் கேட்டால் உடனே பதில் கிடைக்கும், ஏனெனில் அந்த எண் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். பெண்ணை நர்ஸிங் படிப்பில் சேர்க்கும் பெற்றோரும், கல்லூரிக்குக் கவுன்ஸிலின் அங்கீகாரம் உண்டா என்பதோடு, படிப்பு முடிந்தால் பாண்டு எழுதச் சொல்வார்களா, அசல் ஸர்ட்டிபிகேட்டுகள் யார் கையில் இருக்கும் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.